மௌனத்துக்கு என்ன பொருள்?

பொள்ளாச்சிப் பக்கம் என் சித்தப்பாவுக்கு ஒரு தென்னந்தோப்பு இருக்கிறது. வீட்டிலிருந்து ஒன்றரை கிலோமீட்டர். மும்முனை மின்சாரம் நள்ளிரவில் வரும் நாட்களில் டார்ச்சை எடுத்துக்கொண்டு வரப்பிலேயே நடந்துபோய் மோட்டாரைப் போட்டுவிட்டு வருவார். பாம்புக்குப் பயந்து, கையிலிருக்கும் குச்சியால் தரையைத் தட்டித் தட்டிப் போகும் நடை அது. சில ஆண்டுகளுக்கு முன், சிம் கார்டு போட்ட ஒரு சின்னக் கருவியை ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் மாட்டினார். அதன் பிறகு கட்டிலில் இருந்தபடியே செல்போனில் அழைப்பார். எண் ஒன்றை அழுத்துவார். "மோட்டார் ஆன் செய்யப்பட்டது" என்று பதிவுசெய்த குரல் சொல்லும். திரும்பிப் படுத்துக்கொள்வார்.

ஒரு மாசி மாதக் காலையில் தோப்புக்குப் போனால், மரத்தடிப் பாத்திகள் எல்லாம் காய்ந்து கிடந்தன. கிணற்றை எட்டிப் பார்த்துவிட்டு என்னை அழைத்தார்.

"ஃபோன்ல ஓடுதுன்னுதான சொல்லுச்சு கண்ணு? கெணத்துல தண்ணி நேத்து நின்ன படியிலயே நிக்குது."

எலக்ட்ரீஷியன் வந்து பெட்டியைத் திறந்தார். காண்டாக்டர் என்பது ஸ்டார்ட்டருக்குள் இருக்கும் காந்தச் சுவிட்ச். அதன் சுருளுக்கு மின்சாரம் கொடுத்தால், காந்தம் ஓர் இரும்புத் துண்டை இழுத்து மூன்று முனைகளையும் சேர்க்கும். அந்த இரும்புக்கும் காந்தத்துக்கும் நடுவே ஒரு பல்லி நசுங்கிச் செத்துக் கிடந்தது. முனைகள் சேரவேயில்லை.

அப்படியானால் கருவி பொய் சொன்னதா? இல்லை. கட்டளை வந்தது, அது தனக்குள் இருக்கும் சிறு சுவிட்சான ரிலேயை மூடியது, மூடியதைச் சொன்னது. அதற்குத் தெரிந்தது அவ்வளவுதான். 'கட்டளை போய்ச் சேர்ந்தது', 'ரிலே மூடியது', 'மோட்டார் சுழல்கிறது', 'தண்ணீர் வருகிறது' என்பவை நான்கு தனித்தனிச் செய்திகள். நாம் நான்கையும் ஒன்றாக நினைத்துவிட்டோம். பல்லி இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் நடுவில் படுத்திருந்தது.

தொலைவில் உள்ள பொருளோடு பேசும் எந்த ஏற்பாட்டிலும் கடினமான கேள்வி இதுதான்: அங்கே என்ன நடக்கிறது என்று நமக்கு எப்படித் தெரியும்? அதைவிடக் கடினமான இன்னொன்று: அங்கிருந்து ஒன்றுமே வராதபோது, அந்த மௌனத்துக்கு என்ன பொருள்?

விளக்கை வைத்துக் குளிரைக் கணித்தவர்கள்

மோட்டார், தண்ணீர்த் தொட்டி, மின் மீட்டர், கதவுப் பூட்டு, கேமரா போன்ற அன்றாடப் பொருள்கள் வலைப்பின்னலில் சேர்ந்து தம் நிலையைச் சொல்வதையும், கட்டளைக்குப் பணிவதையும் 'பொருள்களின் இணையம்' என்கிறோம். ஆங்கிலத்தில் இந்தப் பெயரை 1999இல் வைத்தவர் கெவின் ஆஷ்டன். பொருளோ பெயருக்கு மூத்தது. 1980களின் தொடக்கத்தில், அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகக் கணினித் துறையில் ஒரு கோக் விற்பனைப் பெட்டி இருந்தது. இறங்கி நடந்து போனால் சில நேரம் பெட்டி காலியாக இருக்கும். சில நேரம் அப்போதுதான் நிரப்பிய பாட்டில்கள் சூடாக இருக்கும். சலித்துப்போனவர்கள் பெட்டியைக் கணினியோடு இணைத்தார்கள்.

அவர்கள் பெட்டிக்குள் வெப்பமானி எதையும் வைக்கவில்லை. பாட்டில் வரிசை ஒவ்வொன்றுக்கும் 'காலி' என்று காட்டும் சிறு விளக்கு ஒன்று பெட்டியில் ஏற்கெனவே இருந்தது. அதை மட்டும் கணினி கவனித்தது. விளக்கு சில நொடி எரிந்து அணைந்தால் ஒரு பாட்டில் விற்றது. ஐந்து நொடிக்கு மேல் எரிந்தால் அந்த வரிசை தீர்ந்தது. எரிந்துகொண்டிருந்த விளக்கு அணைந்தால் யாரோ நிரப்பியிருக்கிறார்கள். நிரப்பி மூன்று மணி நேரம் ஆகிவிட்டதா? அப்படியானால் 'குளிர்ந்தது' என்று கணினி அறிவித்துவிடும்.

அழகான அனுமானம் இது. ஆனால் பெட்டியின் குளிரூட்டி பழுதாகியிருந்தாலும் மூன்று மணி நேரம் கழித்து அது 'குளிர்ந்தது' என்றுதான் சொல்லியிருக்கும். கருவி அளந்தது விளக்கை. அவர்கள் அறிய விரும்பியது குளிரை. சித்தப்பாவின் கருவி அறிந்தது ரிலேயை. அவர் கேட்டது தண்ணீரை.

உணரிகளுக்கு, அதாவது சென்சார்களுக்கு, இது பிறவிக் குணம். மண்ணின் ஈரம் பார்க்க இரண்டு உலோகக் கம்பிகளை நட்டு அவற்றுக்கிடையே மின்சாரம் எவ்வளவு எளிதாகப் பாய்கிறது என்று பார்க்கும் மலிவான உணரி ஒன்று உண்டு. ஈரம் கூடினால் மின்சாரம் எளிதாகப் பாயும். ஆனால் அதே மின்சாரம் கம்பிகளையும் மெல்ல அரிக்கும். சில மாதத்தில் சேறாக இருக்கும் மண்ணையும் 'காய்ந்தது' என்று காட்டத் தொடங்கும். எண் ஒழுங்காக வந்துகொண்டேயிருக்கும், உண்மைதான் மெதுவாக விலகிப்போயிருக்கும். இதற்கு மருந்து, ஊர்ப் பஞ்சாயத்தில் கேட்பதைப்போல, தொடர்பில்லாத இரண்டாவது சாட்சியைக் கேட்பதுதான். மோட்டார் ஓடுகிறது என்று ரிலே சொன்னால், வயரில் ஓடும் ஆம்பியரையும் கேட்க வேண்டும்.

கடைசி ஓலையின் கணக்கு

கருவி நேர்மையாக இருந்தாலும், நடுவில் உள்ள பாதை நம்பகமானது அன்று. சித்தப்பா கட்டளை அனுப்பினார். பதில் வரவில்லை என்று வைத்துக்கொள்வோம். கட்டளையே போய்ச் சேராமல் இருந்திருக்கலாம். அல்லது கட்டளை போய், மோட்டார் ஓடி, பதில் மட்டும் வழியில் தொலைந்திருக்கலாம். கட்டிலில் இருப்பவருக்கு இரண்டும் ஒரே மௌனம்தான்.

இன்னும் நல்ல கருவி வந்தால் இது சரியாகிவிடும் என்று தோன்றும். ஆகாது என்பதற்கு நிரூபணம் உண்டு. ஜிம் கிரே என்ற கணினி அறிஞர் 1978இல் இதற்கு 'இரண்டு தளபதிகள்' என்று பெயர் வைத்தார். எதிரெதிர்க் குன்றுகளில் இரண்டு படைகள் நிற்கின்றன. நடுப் பள்ளத்தாக்கில் எதிரி. இருவரும் ஒரே நேரத்தில் தாக்கினால்தான் வெற்றி, ஒருவர் மட்டும் இறங்கினால் அழிவு. செய்தி சொல்ல ஓலைக்காரனை அனுப்பலாம். ஆனால் அவன் வழியில் பிடிபடக்கூடும். எத்தனை ஓலை பரிமாறிக்கொண்டால் இருவரும் உறுதியாக ஒத்துப்போக முடியும்?

உறுதி தரும் ஓலைப் பரிமாற்றம் ஒன்று இருப்பதாகவே கொள்வோம். இருப்பதிலேயே மிகக் குறைந்த ஓலைகளில் முடிவதை எடுத்துக்கொள்வோம். அதன் கடைசி ஓலையைப் பாருங்கள். அதை அனுப்பியவருக்கு அது போய்ச் சேர்ந்ததா என்று தெரியாது. அதற்குப் பிறகு ஓலையே கிடையாது. ஆகவே அது சேர்ந்தாலும் தொலைந்தாலும் அவர் தாக்கத்தான் போகிறார். அவர் தாக்கினால் மற்றவரும் தாக்க வேண்டும், ஓலை தொலைந்திருந்தாலும்கூட. அப்படியானால் அந்த ஓலை இல்லாமலே காரியம் நடந்துவிடும். ஆனால் நாம் எடுத்துக்கொண்டதுதான் மிகக் குறுகியது என்றோமே! முரண்பாடு. எனவே அப்படி ஒரு பரிமாற்றமே இருக்க முடியாது.

இந்த இயலாமையை ஒப்புக்கொண்ட பிறகுதான் நல்ல வடிவமைப்பு தொடங்குகிறது. பதில் வராவிட்டால் கட்டளையைத் திரும்ப அனுப்பத்தான் வேண்டும். எனவே கட்டளை இரண்டு முறை போய்ச் சேர்ந்தாலும் கேடு வராதபடி அதை அமைக்க வேண்டும். லிஃப்ட் பொத்தானை ஒரு முறை அமுக்கினாலும் ஏழு முறை அமுக்கினாலும் லிஃப்ட் ஒரே மாதிரிதான் வரும். கயிறு இழுத்துப் போடும் மேசை விளக்கு அப்படியன்று; இரண்டு முறை இழுத்தால் அணைந்துவிடும். 'நிலையை மாற்று' என்பது கயிற்று விளக்கு. 'இன்னும் ஒரு மணி நேரம் ஓடு' என்பதும் ஆபத்துதான்; இரண்டு முறை போனால் இரண்டு மணி நேரமாகிவிடலாம். 'காலை ஐந்து மணி வரை ஓடு' என்பது லிஃப்ட் பொத்தான். எத்தனை முறை போனாலும் ஐந்து மணிதான். கணினியியலில் ஐடெம்போட்டென்ஸ் எனப்படும் இந்தக் குணத்தை நாம் 'மறுசொல் தாங்குதல்' எனலாம். அந்தக் கட்டளைக்குள் இன்னொரு நன்மையும் ஒளிந்திருக்கிறது. நடுவில் தொடர்பு அறுந்துபோனாலும், எப்போது நிறுத்துவது என்று கருவிக்கே தெரியும்.

உயில் எழுதிவைக்கும் கருவி

1999இல், ஐபிஎம் நிறுவனத்தின் ஆண்டி ஸ்டான்ஃபோர்ட்-கிளார்க்கும் ஆர்க்காம் நிறுவனத்தின் ஆர்லன் நிப்பரும், எண்ணெய்க் குழாய்களைச் செயற்கைக்கோள் வழியாகக் கண்காணிக்க ஒரு பேச்சுமுறையை உருவாக்கினார்கள். செயற்கைக்கோள் வழி செலவு மிக்கது, மெதுவானது, அடிக்கடி அறுபடுவது. அதனால் ஒவ்வொரு சொல்லையும் தந்தி கொடுப்பதைப்போல எண்ணிச் சொல்லும் முறை அது. எம்க்யூடிடி என்ற அந்த முறைதான் இன்று பொருள்களின் இணையத்தில் மிகப் பரவலாகப் புழங்குகிறது.

அதில் நடுவே ஒரு கணினி தபால் நிலையத்தைப்போல உட்கார்ந்திருக்கும். ஒவ்வொரு கருவியும் அதனுடன் தொடர்பு கொள்ளும்போதே இரண்டு செய்திகளைச் சொல்லிவைக்கலாம். ஒன்று: "நான் 60 வினாடிக்குள் ஒரு தடவையாவது குரல் கொடுப்பேன்." இன்னொன்று, உயில்: "நான் சொல்லிக்கொள்ளாமல் காணாமல் போனால், இந்தச் செய்தியை என்னைப் பார்த்திருப்பவர்களுக்குக் கொடு." அந்த முறையின் ஆவணத்திலேயே அதன் பெயர் உயில்தான். சொன்ன கெடுவைப்போல ஒன்றரை மடங்கு, அதாவது 90 வினாடி, பார்த்துவிட்டுத் தபால் நிலையம் உயிலைப் பிரித்துப் படிக்கும். செத்தவர் பேச முடியாது. அதனால் உயிரோடு இருக்கும்போதே எழுதி வாங்கிவைக்கிறார்கள். பொருளற்றுக் கிடந்த மௌனத்துக்கு இப்போது ஒரு பொருள் கிடைத்துவிட்டது.

ஆனாலும் உயில் 'தொடர்பு அறுந்தது' என்று மட்டுமே சொல்லும். கருவி பழுதா, டவர் பழுதா, கரண்ட் போயிற்றா? மின் மீட்டர் செய்கிறவர்கள் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். மின்தேக்கி ஒன்றில் சிறிது மின்சாரத்தைச் சேமித்துவைப்பார்கள். வெளி மின்சாரம் நின்றதும் அந்தச் சேமிப்பைக்கொண்டு மீட்டர் ஒரே ஒரு செய்தி அனுப்பும்: "கரண்ட் போய்விட்டது." இதற்கு 'கடைசி மூச்சு' என்று பெயர். கடைசி மூச்சுக்குப் பின் வரும் மௌனமும், அது இல்லாமல் வரும் மௌனமும் வேறு வேறு.

பேச்சின் விலை

அப்படியானால் எல்லாக் கருவிகளும் நொடிக்கொரு தரம் 'இருக்கிறேன், இருக்கிறேன்' என்று சொல்லிக்கொண்டே இருந்தால் என்ன? தோப்பு நடுவே மரத்தில் கட்டிய உணரிக்கு மின் இணைப்பு கிடையாது. நாணயம் அளவுள்ள பட்டன் பேட்டரிதான் அதன் சோறு. சிஆர்2032 என்ற பேட்டரியில் சுமார் 225 மில்லிஆம்பியர்-மணி இருக்கும். ரேடியோ பேசும்போது 20 மில்லிஆம்பியர் இழுக்கிறது என்று கொண்டால், விடாமல் பேசினால் 11 மணி நேரத்தில் உயிர் போய்விடும். பேசாமல் 5 மைக்ரோஆம்பியரில் தூங்கினால் அதே பேட்டரி ஐந்து ஆண்டுக் கணக்கில் வரும்.

ஒவ்வொரு பேச்சும் ஒரு நொடி என்று வைத்து ஏட்டுக் கணக்குப் போடுவோம். நிமிடத்துக்கு ஒரு தரம் பேசும் கருவி ஒரு மாதம் தாங்காது. கால் மணிக்கு ஒரு தரம் என்றால் ஒரு வருடத்துக்குச் சற்றுக் குறைவு. நாளுக்கு ஒரு தரம் என்றால் ஐந்து ஆண்டை நெருங்கும். ஆனால் நாளுக்கு ஒரு தரம் பேசும் கருவி செத்தால், அந்தச் சாவு நமக்குத் தெரிய ஒரு நாள் ஆகும். அடிக்கடி பேசும் கருவியோ, உயிரோடு இருப்பதைச் சொல்லிச் சொல்லியே உயிரை விட்டுவிடும். இரண்டுக்கும் நடுவே எங்கே நிற்பது என்பதை அந்தந்த வேலைதான் முடிவு செய்ய வேண்டும். மண் ஈரத்துக்கு அரை நாள் தாமதம் பெரிதில்லை. எரிவாயுக் கசிவுக்கு அரை நிமிடமும் பெரிது.

நடந்துபோக முடியாத தோப்பு

பழுது தெரிந்த பிறகு, அங்கே போகாமலே சரிசெய்வது அடுத்த சவால். இதற்கு நான் எப்போதும் நினைத்துக்கொள்ளும் உதாரணம் செவ்வாயில் நடந்தது. 1997 ஜூலை 4 அன்று அங்கே இறங்கிய பாத்ஃபைண்டர் கலம், சில நாளில் அடிக்கடி தானாகவே அணைந்து மீண்டும் தொடங்க ஆரம்பித்தது. ஒரு முக்கிய வேலை குறித்த நேரத்தில் முடியவில்லை என்றால், குழம்பிக் கிடப்பதைவிட எல்லாவற்றையும் நிறுத்தித் தொடக்கத்திலிருந்து ஆரம்பிப்பதே நல்லது என்று அதன் கணினிக்குக் கற்பித்திருந்தார்கள். தொங்கிப்போன செல்போனை அணைத்துப் போடுகிறோமே, அதைக் கலம் தானே செய்துகொண்டது.

காரணத்தை எப்படிக் கண்டார்கள்? பூமியில் வைத்திருந்த அதன் இரட்டையை அதே வேலைகளோடு ஓடவிட்டு, அதே கோளாறு அங்கும் வரும்வரை காத்திருந்தார்கள். கோளாறு வந்தது, பதிவுகளில் கதை கிடைத்தது. முக்கியம் குறைந்த வானிலை வேலை, பொதுவான ஒரு வளத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது. மிக முக்கியமான வேலை அதற்காகக் காத்திருந்தது. நடுத்தர வேலை ஒன்று புகுந்து, வானிலை வேலையை முடிக்கவிடாமல் செய்தது. சாவி வைத்திருந்த கடைநிலை ஊழியரை வழியில் யாரோ நிறுத்திவைத்திருக்க, அதிகாரி பூட்டிய கதவுக்கு முன் நின்ற கதை. சாவி வைத்திருப்பவருக்கு அந்த நேரத்துக்கு மட்டும் அதிகாரியின் முன்னுரிமையைக் கொடுக்கும் ஓர் அமைப்பு மென்பொருளிலேயே இருந்தது. அதை இங்கிருந்தே முடுக்கிவிட்டார்கள்.

தொலைவிலிருந்து மாற்ற முடிவது வரம்தான், சாபமாகவும் முடியும். 2017 ஆகஸ்டில் அமெரிக்காவில் லாக்ஸ்டேட் நிறுவனத்தின் சுமார் 500 இணையப் பூட்டுகளுக்கு, வேறொரு ரகப் பூட்டுக்கான புதுப்பிப்பு தவறாகப் போய்ச் சேர்ந்தது. பூட்டுகள் தொடர்பையே இழந்தன. தவறைத் திருத்தும் செய்தியையும் இனி அனுப்ப வழியில்லை, ஏனென்றால் கெட்டுப்போனது கேட்கும் காதே. நுனிக்கிளையில் உட்கார்ந்து அடிக்கிளையை வெட்டிய கதை. எனவே கவனமான வடிவமைப்பாளர்கள் கருவியின் நினைவகத்தில் இரண்டு அறை வைப்பார்கள். புதிய மென்பொருள் இரண்டாவது அறைக்குப் போகும். அது ஓடித் தொடர்பு கொண்டு 'நலம்' என்று சொன்னால்தான் நிலைக்கும். சொல்லாவிட்டால் கருவி தானே பழைய அறைக்குத் திரும்பிவிடும். இங்கும் மௌனத்துக்கு முன்கூட்டியே பொருள் எழுதிவைத்திருக்கிறார்கள்.

காலி மனையின் கதவைத் தட்டியவர்கள்

2016 அக்டோபர் 21 அன்று, இணையப் பெயர்களை முகவரிகளாக மாற்றித் தரும் டைன் என்ற அமெரிக்க நிறுவனம் வெள்ளமாக வந்த பொய்க் கேள்விகளில் மூழ்கியது. ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் போன்ற தளங்கள் பலருக்கு எட்டவில்லை. அந்த வெள்ளத்தை அனுப்பியவற்றில் பெரும்பகுதி வீட்டுக் கேமராக்கள், வீடியோப் பதிவுப் பெட்டிகள், ரவுட்டர்கள் போன்றவை. மிராய் என்ற தீநிரல், தொழிற்சாலையில் வைத்த கடவுச்சொல்லை மாற்றாத கருவிகளைத் தேடித் தேடிப் பிடித்திருந்தது. அதன் கையில் இருந்தது அறுபதுக்கும் சற்று மேற்பட்ட பயனர் பெயர்-கடவுச்சொல் இணைகள். 'அட்மின்-அட்மின்' போன்றவைதான்.

எத்தனை கருவிகள் மாட்டின என்று எப்படி எண்ணினார்கள்? இணையத்தில் யாருமே குடியிருக்காத முகவரிகள் லட்சக்கணக்கில் உண்டு. ஆய்வாளர்கள் அவற்றைக் கவனித்துக்கொண்டிருப்பார்கள். காலி மனையின் கதவை யாராவது தட்டினால், அவர் உறவினர் அல்லர். தெரு முழுவதும் தட்டிக்கொண்டு வருபவர். மிராய்க்கு ஓர் அங்க அடையாளமும் இருந்தது. ஒவ்வொரு தட்டலோடும் கண்டபடி ஓர் எண் வர வேண்டும் என்பது வழக்கம். மிராய் அந்த இடத்தில், தட்டப்படும் வீட்டின் முகவரியையே எண்ணாக எழுதிவிட்டது. அந்த ரேகையை வைத்து எண்ணியபோது, உச்சத்தில் சுமார் ஆறு லட்சம் கருவிகள் தெரிந்தன.

எனக்கு இதில் உறைப்பது வேறொன்று. அந்த ஆறு லட்சத்தின் உரிமையாளர்களில் பெரும்பாலோருக்கு எதுவுமே தெரியாது. கேமரா வழக்கம்போலப் படம் காட்டிக்கொண்டுதான் இருந்திருக்கும். புகார் இல்லாததை நலம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்கு இதைவிடப் பெரிய பாடம் இல்லை. பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல் நடப்பில் உள்ள சட்டம், எல்லோருக்கும் பொதுவான, எளிதில் ஊகிக்கக்கூடிய கடவுச்சொல்லோடு இத்தகைய கருவிகளை விற்பதைத் தடுக்கிறது. பாதுகாப்புப் புதுப்பிப்புகள் எத்தனை காலம் வரும் என்பதையும் விற்பவர் சொல்லியாக வேண்டும்.

அந்த இரண்டாவது விதி மிக முக்கியமானது. கருவியின் ஆயுள் பேட்டரியோடும் உலோகத்தோடும் முடிவதில்லை. அது பேசும் நிறுவனத்தின் விருப்பத்தோடும் முடியலாம். ரிவால்வ் என்ற 300 டாலர் வீட்டுக் கருவியை நெஸ்ட் நிறுவனம் 2014இல் வாங்கியது. 2016 மே 15 அன்று அதன் சேவை நிறுத்தப்பட்டது. எந்தப் பழுதும் இல்லாத பெட்டிகள் அன்றோடு ஊமையாயின. மோட்டாருக்கோ பூட்டுக்கோ இணையக் கருவி வாங்குகிறவர்கள் கடைக்காரரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி இது: இணையமே இல்லாவிட்டால் இது என்ன செய்யும்?

சித்தப்பாவின் பெட்டியில் கையால் அமுக்கும் பச்சை, சிவப்புப் பொத்தான்கள் இன்றும் அப்படியே இருக்கின்றன. அவற்றை எடுக்கச் சொல்லி யார் சொன்னாலும் எடுக்காதீர்கள் என்று சொல்லியிருக்கிறேன். பல்லி சம்பவத்துக்குப் பிறகு, எலக்ட்ரீஷியன் மோட்டார் வயரைச் சுற்றி வளையம்போன்ற ஓர் ஆம்பியர் உணரியை மாட்டினார். அந்த மோட்டார் ஒழுங்காக ஓடினால் எட்டு ஆம்பியர் இழுக்கும். கிணற்றில் தண்ணீர் தீர்ந்து வெறுமனே சுற்றினால் எண் இறங்கிவிடும். காண்டாக்டர் சேரவேயில்லை என்றால் பூஜ்யம்.

இப்போது அவர் கருவியிடம் 'ஓடுதா?' என்று கேட்பதில்லை. "எத்தனை ஆம்பியர் இழுக்குது?" என்றுதான் கேட்கிறார். எட்டு என்று வந்தால் திரும்பிப் படுத்துக்கொள்கிறார். ஒன்றுமே வராத இரவுகளில் அதை 'ஓடுகிறது' என்றும் எடுத்துக்கொள்வதில்லை, 'ஓடவில்லை' என்றும் எடுத்துக்கொள்வதில்லை. டார்ச்சையும் குச்சியையும் எடுத்துக்கொண்டு வரப்பில் இறங்கி, தரையைத் தட்டித் தட்டி நடந்து போய்க் கிணற்றுப் படியைப் பார்த்துவிட்டு வருகிறார்.